பெயின்ட் அடித்த பிறகு கேட்டைப் பார்த்துப் பயனில்லை

வீட்டுக்கு கேட், ஜன்னல் கிரில், படிக் கைப்பிடி என்று எதையாவது வெல்டிங் பட்டறையில் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்றால், இன்றைக்கே போன் போட்டு “நான் வந்து பார்க்காமல் பிரைமர் அடிக்கக் கூடாது” என்று சொல்லிவிடுங்கள். எங்களை ஏமாற்றிய வேலை முழுவதும் பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அந்த ஒரு பூச்சுக்கு அடியில்தான் ஒளிந்திருந்தது. கடைசியில் அது என் அம்மாவின் காலில் விழுந்தது.

நாங்கள் தூத்துக்குடி. 2023 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த மழை அது. எங்கள் தெருவிலும் தண்ணீர் வடிய நாளாயிற்று. சாக்கடையும் உப்பும் கலந்த அந்தத் தண்ணீரில் ஊறிய பழைய கேட்டின் அடித்தகடு அரித்துப்போய், மறு வருடம் சித்திரையில் புது கேட் போட முடிவு செய்தோம்.

பேச்சு தெளிவாகத்தான் நடந்தது. 12 அடி அகலம், 5 அடி உயரம், இரட்டைக் கதவு. சட்டத்துக்கு 2 இஞ்ச் சதுர ட்யூப், 16 கேஜ் (கேஜ் என்பது இரும்பின் கனத்தைக் குறிக்கும் எண்). கீழ்ப்பாதிக்கு 16 கேஜ் தகடு. மேல்பாதிக்கு 12 எம்.எம். சதுரக் கம்பி, கம்பிகளுக்கு நடுவே பூ, உச்சியில் ஈட்டி முனை. கூலி, பெயின்ட் எல்லாம் சேர்த்து கிலோ 140 ரூபாய். “அண்ணாச்சி, பேரன் பேத்தி காலத்துக்கும் அசையாது” என்றார் பட்டறைக்காரர். எல்லாவற்றையும் அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கினேன். பிற்பாடு எனக்குத் துணையாக நின்றது அந்தத் தாள் ஒன்றுதான்.

வந்து இறங்கியபோது கேட் பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. கறுப்புப் பளபளப்பு, ஈட்டிகளுக்குத் தங்க நிறம், மூட்டு இருப்பதே தெரியாத வழவழப்பு. இந்த வழவழப்பைக் கண்டால்தான் பயப்பட வேண்டும் என்று இப்போது சொல்வேன். ஒழுங்காக வெல்டிங் வைத்த மூட்டில், கிரைண்டிங் பிடித்த பிறகும், விரல் வைத்துத் தடவினால் பெரும்பாலும் லேசான மேடு தட்டுப்படும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் மூட்டுகளுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் கோடு கோடாக வடிய ஆரம்பித்தது. போன் செய்தேன். “கடக்காத்து அண்ணாச்சி, இரும்புன்னா அப்படித்தான். மழ முடியட்டும், ஒரு கோட்டிங் அடிச்சுத் தாரேன்.” எதிர் வீட்டு ஜன்னல் கிரிலும் இதே கடல்காற்றில்தான் இருக்கிறது. முழுக் கம்பியில் செய்த பழைய வேலை. மேலே துரு பிடித்திருக்கிறதே தவிர, ஒரு மூட்டு விட்டதில்லை. கடல்காற்று மேல்பூச்சைத் தின்னும், உண்மைதான். ஒரே மழைக்காலத்தில் மூட்டையே பிரித்துப் போடுமா?

கார்த்திகையில் ஒரு காலை, அம்மா பால் வாங்கக் கதவைத் திறந்தபோது மேல் கீல் ட்யூப்பைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. கதவு சாய்ந்து கீழ் முனை அவர் கால் மேல் இறங்கியது. இரண்டு விரலில் எலும்பு முறிவு. பால்காரர் அந்த நேரத்தில் கதவைத் தாங்கிப் பிடித்திராவிட்டால் அம்மாவின் நெஞ்சின் மேல் விழுந்திருக்கும். தெருப் பிள்ளைகள் ஏறி நின்று ஆடும் கதவு அது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

விழுந்த கதவைப் பிரித்துப் பார்க்க வேறொரு பட்டறையிலிருந்து மூத்த வெல்டர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் சிப்பிங் சுத்தியால் ஒரு மூட்டைத் தட்டினார். பெயின்ட்டோடு சேர்ந்து, இடைவெளியை அடைக்கப் பூசும் சாம்பல் நிறப் பட்டி பாளம் பாளமாக உதிர்ந்தது. நான்கு பக்கமும் சுற்றி வைத்திருக்க வேண்டிய வெல்டிங், இரண்டு மூலையில் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது. அதிலும் ஒன்றில் தட்டி எடுக்க வேண்டிய வெல்டிங் கசடு அப்படியே கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. மீதி இடைவெளி முழுக்கப் பட்டி. அதற்கு மேல் எமரி, ரெட் ஆக்சைடு, கறுப்பு எனாமல். துண்டுகள் நகராமல் பிடிக்க முதலில் வைக்கும் பொட்டு வெல்டிங்கையே (டேக்) முழு வேலையாக விட்டிருக்கிறார்கள்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது, அவர் ட்யூப்பை அறுத்துக் காட்டியதும் புரிந்தது. ட்யூப்பின் வெட்டுமுகத்தில் கனம் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்தோம். 16 கேஜ் என்றால் 1.6 எம்.எம். கனம் இருக்க வேண்டும். இருந்தது 1.2, அதாவது 18 கேஜ். அந்தக் கனத்தில் சாதா ஆர்க் வெல்டிங் ராடைச் சற்று நேரம் பிடித்தாலே ஓட்டை விழுந்துவிடும். பொறுமையாக, கரன்ட்டைக் குறைத்து, விட்டு விட்டு வைக்கத் தெரிய வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. அதனால் அங்கங்கே ஒரு பொட்டு வைத்துவிட்டு, மீதியைப் பட்டியால் மெழுகிவிட்டார்கள். கீலையும் இதே மெல்லிய ட்யூப்பில் நேராக ஒட்டியிருந்தார்கள். அடியில் ஒரு கனத்த பிளேட் கொடுத்து அதன் மேல் கீலை வைத்திருந்தால் கதவின் பாரம் பரவலாக இறங்கியிருக்கும், கிழிந்திருக்காது. சட்டத்தின் கீழ் முனைகள் மூடப்படவே இல்லை. நிமிர்த்தியபோது உள்ளேயிருந்து துருத்தூளும் பழுப்புத் தண்ணீரும் கொட்டின. வெளியே எத்தனை கோட்டிங் அடித்து என்ன, ட்யூப் உள்ளிருந்து அரித்துக்கொண்டிருந்தது.

பூ வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அலங்கார கேட் ஆசைப்படுகிறவர்கள் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். கடைகளில் கிடைக்கும் பூ, இலை, ஈட்டி முனைகளில் நிறைய வார்ப்பிரும்பு. கார்பன் அதிகம் உள்ள இரும்பு அது, வளையாது, உடையும். சாதா ராடால் வெல்டிங் வைத்தால் சூடுபட்ட ஓரம் ஆறும்போது கண்ணாடி போல இறுகி, வெல்டிங்கை ஒட்டியே விரிசல் விடும். அதற்கு நிக்கல் ராடு வேண்டும், துண்டைச் சூடேற்றி வைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். இல்லையென்றால் போல்ட்டோ பட்டையோ போட்டுப் பிடிக்க வேண்டும். எங்கள் கேட்டில் பாதிப் பூக்கள் கையால் அசைத்ததும் வந்துவிட்டன. உடைந்த முகம் சொரசொரவென்று சாம்பல் நிறத்தில் இருந்தது. செய்யக் கொடுக்கும்போதே “பூ வார்ப்பா, எம்.எஸ்.ஸா?” என்று கேளுங்கள். எம்.எஸ். என்பது மைல்ட் ஸ்டீல், அதாவது கம்பி, தகடு செய்யும் சாதா இரும்பு. தகட்டில் அழுத்தியோ, கம்பியைக் காய்ச்சி அடித்தோ செய்த எம்.எஸ். பூ என்றால் சாதா வெல்டிங்கே பிடித்துக்கொள்ளும்.

இனி எடை. பில்லில் போட்டது 160 கிலோ, 22,400 ரூபாய். பிரித்த கேட் முழுவதையும், பூ உட்பட, காயலான் கடைத் தராசில் வைத்தோம். 97 கிலோ. மழைக்காலம் ஒன்றில் துரு தின்றது எவ்வளவு இருந்துவிடப் போகிறது? அந்த மூத்த வெல்டர்தான் கேட்டார், “எடை போடும்போது வண்டியில யார் இருந்தது?” வண்டியோடு எடை போடும் வே பிரிட்ஜில் லோடோடு ஏறியபோது கேட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு பையன் பின்னால் உட்கார்ந்திருந்தான். இறக்கிவிட்டு வெறும் வண்டி எடைக்குப் போனபோது அவன் எங்கள் வீட்டில் கீல் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு ஆளையும் அவன் கையிலிருந்த சாமான்களையும் கிலோ 140 ரூபாய்க்கு எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். பெரிய வே பிரிட்ஜ்கள் 5 கிலோ, 10 கிலோ படியில்தான் காட்டும். லாரிக்கு அது சரி, கேட்டுக்கு அல்ல. இரும்புக்கடை பிளாட்பாரத் தராசில், பிரைமருக்கு முன்னால், உங்கள் கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள்.

பட்டறைக்குப் போகும் முன்பே எடையை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். சதுரக் கம்பிக்குப் பக்கத்தை எம்.எம்.மில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.00785ஆல் பெருக்கினால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ, 10 எம்.எம். வெறும் 0.785. எங்களுக்கு வைத்தது பத்துதான். உருட்டுக் கம்பிக்கு விட்டத்தை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுக்க வேண்டும். தகடு ஒரு எம்.எம். கனத்துக்கு சதுர அடிக்கு ஏறக்குறைய 0.73 கிலோ. நாங்கள் பேசியபடி செய்திருந்தாலே எங்கள் கேட் 130 கிலோவைச் சுற்றித்தான் வந்திருக்கும். தாளில் எழுதும்போது கேஜ் என்று விடாமல் எம்.எம்.மில் எழுதச் சொல்லுங்கள், 1.6 என்றால் 1.6. வெட்டி அடுக்கியிருக்கும்போதே, மூட்டுவதற்கு முன்னால், ஒரு முறை போய் வெட்டுமுகத்தில் வெர்னியர் வைத்துவிடுங்கள். மூட்டி மூடிய பிறகு வெர்னியர் வைத்துக் கனம் பார்க்க வழியில்லை.

இதே பட்டறைக்காரர் எங்கள் மாடிப்படிக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி செய்யும் வேலையையும் கேட்டிருந்தார். “304 அண்ணாச்சி, காந்தம் ஒட்டாது பாருங்க” என்று காட்டினார். 304 என்பது எஸ்.எஸ்.ஸில் ஒரு ரகம். 202 என்ற இன்னொரு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. 304-ல் நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாது, 202-ல் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். கடலோரத்தில் 202 சீக்கிரமே பழுப்புப் புள்ளி போடும். கடை பில்லில் கிரேடு எழுதி வாங்காமல் காந்தத்தை நம்பாதீர்கள்.

இன்னொன்று, வீட்டில் வைத்து வேலை செய்தால் தரைக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். கிரைண்டர் பொறி டைல்ஸில் குத்தி நின்று துருப்பிடித்த புள்ளிகள் எங்கள் வாசலில் இன்னும் இருக்கின்றன. கண்ணாடியில் விழுந்தவை குழியாகவே போய்விட்டன, எதைப் போட்டுத் துடைத்தும் போகாது.

பட்டறைக்காரரிடம் அம்மாவின் எக்ஸ்ரேயையும் பிரித்த மூட்டையும் காட்டினேன். “பிள்ளைங்க ஏறி ஆடியிருக்கும்” என்றார். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்தேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் தயாராகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விவகாரம் அங்கே போவதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கேட்டை உடனே சரிசெய்துவிடாதீர்கள். முதலில் பட்டி உதிர்ந்த மூட்டை அளவுகோல் வைத்துப் போட்டோ எடுங்கள், ஒரு துண்டை அறுத்துப் பத்திரப்படுத்துங்கள், காயலான் கடை எடைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்ததற்கு ஜிபே விவரமும், பேசியதை எழுதிய தாளும் இருந்தால் பில் இல்லாவிட்டாலும் புகார் கொடுக்கலாம்.