கோவை போர்வெல் தண்ணீரில் உப்பு குளோரினேட்டர்: ஐந்து வருடம் ஓட்டிய பிறகு

நீச்சல் குளத்துக்கு உப்பு குளோரினேட்டர் (உப்புத் தண்ணீரிலிருந்து குளோரின் செய்யும் இயந்திரம்) வாங்கலாமா என்று விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது பிராண்டைத்தான். ஐந்து வருடத்துக்கு மேல் ஒன்றை ஓட்டிப் பார்த்ததில், அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. முதல் கேள்வி, குளத்தில் எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறீர்கள் என்பது.

எங்கள் வீடு கோவையில், வடவள்ளி தாண்டி. குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணி. அதைக் குளத்தில் கொட்ட யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. குளத்துக்கு போர் தண்ணீர்தான். கடினத்தன்மை 600 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு மில்லிகிராம்) மேல். குளம் 8 மீட்டருக்கு 4 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர், கிட்டத்தட்ட 45,000 லிட்டர் பிடிக்கும். மேலே கூரை கிடையாது, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில்.

கடைக்காரர் "கெமிக்கலே வேண்டாம் சார், வெறும் உப்புத் தண்ணி" என்பார். நம்ப வேண்டாம். இந்த இயந்திரம் செய்வதே குளோரின்தான். குளத்துத் தண்ணீர் ஓடும் குழாயில் மாட்டுகிற 'செல்' என்ற பாகத்துக்குள் டைட்டேனியத் தகடுகள் இருக்கும், அவற்றின் மேல் ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடுப் பூச்சு. உப்புக் கரைந்த தண்ணீர் நடுவில் ஓடும்போது மின்சாரம் பாய்ந்தால் ஒரு தகட்டில் குளோரினும் எதிர்த்தகட்டில் ஹைட்ரஜனும் உண்டாகும். குளோரின் பாசியையும் கிருமியையும் கொன்றுவிட்டு மறுபடி குளோரைடாகித் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதனால்தான் ஒருமுறை போட்ட உப்பு நெடுநாள் வருகிறது. உப்பு குறைவது ஃபில்டரைக் கழுவி வெளியேற்றும் பேக்வாஷ் தண்ணீரிலும், மழையில் குளம் வழியும்போதும், பிள்ளைகள் குதித்துத் தெறிக்கிற தண்ணீரிலும்தான். கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. இந்தக் குளத்தில் 3 முதல் 4 கிராம். நம் கண்ணீரிலேயே 9 கிராம் இருக்கிறது. கண் எரியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இயந்திரம் வாங்குவதற்கு முன் பூல் பார்த்துக்கொள்ளும் தம்பி குளோரின் டேப்லெட்டும் ஹைப்போவுமாக (திரவக் குளோரின்) மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். டேப்லெட்டில் குளோரினோடு சயனூரிக் ஆசிட்டும் சேர்ந்தே வரும். வெயிலிலிருந்து குளோரினைக் காப்பாற்ற அது ஓரளவு வேண்டும். ஆனால் அது ஆவியாகாது, தானாகக் குறையாது. டேப்லெட் போடப் போட ஏறிக்கொண்டே போய் கடைசியில் குளோரினின் கையைக் கட்டிவிடும். ஹைப்போ சித்திரை வெயிலில் கேனில் இருக்கும்போதே வீரியம் இழந்துவிடும். குருணை குளோரினில் கால்சியம் உண்டு. ஏற்கெனவே சுண்ணாம்பாக இருக்கிற எங்கள் தண்ணீருக்கு அது ஆகவே ஆகாது. எங்கள் மாதிரி குளத்துக்கு, கூட எதையும் கொண்டுவராமல் குளோரினை மட்டும் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிற ஒன்றுதான் சரி. இயந்திரம் வாங்கியது அந்தக் கணக்கில்தான்.

அளவு தேர்வதில் பெட்டி மேல் போட்டிருக்கிற லிட்டரைப் பார்க்கவே வேண்டாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை கிராம் குளோரின் என்பதைத் தேடுங்கள். பலர் அறிந்த, ஹேவர்டு கம்பெனியின் டி-செல் 15 என்ற செல்லை எடுத்துக்கொள்வோம். 40,000 அமெரிக்க கேலன் வரை என்று போட்டிருக்கும், அதாவது சுமார் 1.5 லட்சம் லிட்டர். உற்பத்தி 24 மணி நேரத்துக்கு 1.47 பவுண்டு, நம் கணக்கில் 667 கிராம். வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 4.4 மில்லிகிராம் வருகிறது. நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அது பம்ப் இரவு பகலாக ஓடினால்! எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு, ஒன்றரை மில்லிகிராம்கூட முழுசாக இல்லை. கோவை மே மாத வெயிலில் திறந்த குளம் ஒரு நாளைக்கு லிட்டருக்கு மூன்று, நான்கு மில்லிகிராமைச் சாப்பிட்டுவிடும். அதே செல்லை 45,000 லிட்டர் குளத்தில் மாட்டினால் எட்டு மணி நேரத்திலேயே தேவைக்கு மேல் கிடைக்கும். இது ஒரு கம்பெனியின் குறையல்ல, எல்லாப் பெட்டியிலும் கணக்கு இப்படித்தான் போடுகிறார்கள்.

எங்கள் குளத்துக்குக் கோடையில் ஒரு நாளைக்கு 135 முதல் 180 கிராம் வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 17 முதல் 22 கிராம். 25 கிராம் இயந்திரம் எடுத்தேன். மார்கழியில் நாற்பது சதவீதத்தில் வைத்தால் போதும். சின்ன இயந்திரத்தை நூறு சதவீதத்தில் ஓட்டுவதைவிடப் பெரியதைப் பாதியில் ஓட்டுவது செல்லின் ஆயுளுக்கு நல்லது. செல்லின் ஆயுள் என்பது அதில் மின்சாரம் பாய்கிற மணிக்கணக்கு. பொதுவாக 10,000 மணி என்பார்கள். தினம் எட்டு மணி முழு ஓட்டம் என்றால் மூன்றரை வருடத்துக்குள் தீர்ந்துவிடும்.

இனி சுண்ணாம்பு. கொங்கு நாட்டுக்காரர்கள் இதைத்தான் நிறுத்திப் படிக்க வேண்டும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசுகிற காற்றும், அதற்கு முந்தைய கோடை வெயிலும் சேர்ந்து குளத்தில் தினம் 6 மில்லிமீட்டர் அளவுக்கு நீரை எடுத்துவிடும். 32 சதுர மீட்டர் பரப்பில் அது கிட்டத்தட்ட 200 லிட்டர். ஆவியாவது சுத்தத் தண்ணீர். நாம் ஈடுகட்டி விடுவது 600 பிபிஎம் போர் தண்ணீர். அப்படியானால் தினம் 120 கிராம் சுண்ணாம்பைக் குளத்தில் கரைக்கிறோம், மாதம் மூன்றரை கிலோ. குளத்தின் கடினத்தன்மை மாதத்துக்கு 80 பிபிஎம் ஏறும். 200 முதல் 400-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் ஆரம்பமே 600!

இதில் செல் ஏன் முதல் பலி? ஹைட்ரஜன் உண்டாகும் தகட்டை ஒட்டித் தண்ணீரின் காரத்தன்மை மிக அதிகம். சுண்ணாம்பு படிய அதைவிட வசதியான இடம் குளத்தில் வேறு இல்லை. இட்லிப் பானையின் அடியில் படிகிற மாதிரி வெள்ளையாகப் பிடிக்கும், தகடுகளின் இடைவெளி அடைபடும், குளோரின் குறையும். இதற்காகத்தான் மின்சாரத்தின் திசையை மாற்றித் தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் வசதி இருக்கிறது. இன்று வருகிற நல்ல இயந்திரங்கள் எல்லாவற்றிலும் உண்டு. எத்தனை மணிக்கு ஒருமுறை மாறும் என்பதை நாமே அமைக்க முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். கடினத் தண்ணீருக்கு மூன்று மணி, நல்ல தண்ணீருக்கு ஆறு எட்டு மணி என்று வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி மாற்றினாலும் பூச்சு தேயும் என்பதால் இருபக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

திசை மாறினாலும் எங்கள் தண்ணீருக்கு அது போதவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செல்லைக் கழற்றிப் பார்ப்போம். முதலில் ஹோஸ் தண்ணீரை வேகமாக அடித்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு நீர்த்த ஆசிட்; பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு, எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். நுரை அடங்கியதும் எடுத்துவிட வேண்டும். ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சுரண்டுகிற ஆட்களைக் கிட்டவே விடாதீர்கள். பூச்சு உரிந்தால் செல் அவ்வளவுதான்.

நிலைமையை உண்மையில் மாற்றியது வேறொன்று. மொட்டை மாடி மழைநீரைச் சம்ப்பில் பிடித்து, ஈடுகட்டும் தண்ணீரை அதிலிருந்து விட ஆரம்பித்தோம். சம்ப் வற்றும் மாதங்களில் சாஃப்ட்னர் வழியாக வருகிற போர் தண்ணீர். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும். உப்புக் குளத்தில் சோடியம் ஏறினால் யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டாவது வருடத்திலிருந்து செல்லில் படிவு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்துவிட்டது. இயந்திரத்துக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அடுத்தது ஆசிட். டேப்லெட் போட்டபோது பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) கீழே இழுத்தது; உப்பு இயந்திரம் வந்ததும் மேலே ஏறுகிறது. செல்லில் கிளம்பும் குமிழிகள் தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை வெளியேற்றுவது அதற்கு முக்கியக் காரணம். பிஎச் 7.5-இல் குளோரினில் பாதி வேலை செய்யும் நிலையில் இருக்கும்; 8-ஐத் தொட்டால் நாலில் ஒரு பங்குதான். அதே உயர்ந்த பிஎச் சுண்ணாம்பையும் படிய வைக்கும். அதனால் வாரம் ஒருமுறையாவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றத்தான் வேண்டும். மொத்த அல்கலினிட்டியை (தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் போன்றவற்றின் அளவு) 60 முதல் 80 பிபிஎம்முக்குள் இறக்கி வைத்தபின் ஆசிட் செலவு பாதிக்கு மேல் குறைந்தது. வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் ஆசிட்டை 60 பிபிஎம் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அது இல்லாமல் நம் ஊர் வெயிலில் செல் பகலெல்லாம் செய்வதைச் சூரியன் உடனுக்குடன் தின்றுவிடும்.

தூத்துக்குடி நம் மாநிலத்தில்தானே, கல் உப்பு மலிவாகக் கிடைக்குமே என்று தோன்றும். உப்பளத்திலிருந்து நேராக வருகிற கல் உப்பில் மண்ணும் மக்னீசியமும் கால்சியமும் கலந்திருக்கும். எந்தச் சுண்ணாம்போடு போராடுகிறோமோ அதையே காசு கொடுத்து வாங்கிப் போடுவானேன்? 99 சதவீதத்துக்கு மேல் சுத்தமான, அயோடினும் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இல்லாத சுத்திகரித்த உப்பு வாங்குங்கள். சாஃப்ட்னருக்கு விற்கும் உப்பும் ஆகும். எங்களுக்கு மூன்று 50 கிலோ மூட்டையில் லிட்டருக்கு 3.3 கிராம் வந்துவிட்டது. ஐப்பசி கார்த்திகையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்து குளம் வழிந்தால் 3,200 லிட்டரோடு பத்து கிலோ உப்பும் போகும்; மழைக்காலம் முடிந்ததும் அளந்து ஈடுகட்ட வேண்டும். இயந்திரத்தின் திரையில் தெரியும் உப்பு அளவு மின்கடத்தலை வைத்துப் போடும் கணக்கு. போர் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் மற்ற தாதுக்களையும் அது உப்பாகவே எண்ணும். குளோரைடு காட்டும் தாள் வாங்கி ஒருமுறை சரிபார்த்துவிட்டால் குழப்பம் இல்லை.

மின்சாரம். முதல் கண்ட்ரோல் போர்டு இரண்டாவது கோடையில் போனது. ஓல்டேஜ் ஏற்ற இறக்கமா, உள்ளே புகுந்து கிடந்த பல்லியா என்று இன்றுவரை முடிவாகவில்லை. விற்ற கடை அதற்குள் அந்த பிராண்டையே விட்டிருந்தது. போர்டு வர ஆறு வாரம், அதுவரை ஹைப்போ. அதற்குப் பிறகுதான் ஓல்டேஜ் ஸ்டெபிலைசர் வைத்து, ஒயர் நுழையும் துளைகளை அடைத்தேன். செல்லுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி இரண்டு வகை. எடை குறைந்த எஸ்எம்பிஎஸ் வகை மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை கனமாக, சூடாக இருக்கும், ஆனால் நம் ஊர் லைனைத் தாங்கும். லைன் மோசமான இடத்தில் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் இணைக்கவே கூடாது. தண்ணீர் ஓடாதபோது செல்லை நிறுத்துகிற ஃப்ளோ சுவிட்சையும் வாங்கும்போதே சோதித்துப் பாருங்கள். ஓட்டமில்லாத செல்லில் ஹைட்ரஜன் சேர்ந்தால் வெடிக்கலாம். செல் எப்போதும் ஃபில்டருக்குப் பிறகு, குழாய் வரிசையில் கடைசியாக வர வேண்டும்.

செல்லுக்கு ஆகிற கரண்ட் பெரிய விஷயமே இல்லை. 150 வாட் அளவுதான், இரண்டு மாத பில்லில் 70 யூனிட் சொச்சம். ஒரு எச்பி பம்ப் அதே நேரத்தில் 450 யூனிட் பக்கம் இழுக்கும். 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குக் கட்டண விகிதமே வேறு என்பதால், வலிக்கிற இடம் பம்ப்தான். தேவையான நேரத்துக்குள் வேலையை முடிக்கிற பெரிய செல்லை எடுக்க இதுவும் ஒரு காரணம்.

குளத்து ஏணி 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் மூட்டுகளில் துரு எட்டிப் பார்க்கும். 316-க்கு மாற்றினோம். பேக்வாஷ் தண்ணீரைத் தோட்டத்தில் விட முடியாது. தென்னை ஓரளவு தாங்கிக்கொள்ளும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தாங்காது.

ஐந்தாம் வருடத்தில் உப்பு சரியாக இருந்தும் "உப்பு குறைவு" என்று திரை சொல்ல ஆரம்பித்தது. செல் பூச்சு தேய்ந்துவிட்டது என்பதற்கான அறிகுறி அது. புதுச் செல்லின் விலை, முழு செட்டின் விலையில் பாதிக்கு மேல். ஆகவே வாங்கும்போதே கேட்க வேண்டியது, தனிச் செல் என்ன விலை, கோவையிலோ சென்னையிலோ கையிருப்பில் இருக்கிறதா, வேறு கம்பெனிச் செல் இதில் பொருந்துமா. பிராண்டு என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான பதில் இந்த மூன்றும்தான். எனக்குப் பொருந்துகிற வேறு செல் கிடைத்தது, அதைத்தான் மாட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் இறங்குகிற பண்ணை வீட்டுக் குளம், கூரை போட்ட குளம், 15,000 லிட்டருக்குள் அடங்கும் சின்னத் தொட்டி, இவற்றுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே தினம் ஹைப்போவைத் தானாகச் சொட்டவிடும் டோசிங் பம்ப் போதும், அது பழுதானால் உள்ளூர் ஆளே பார்த்துவிடுவார்.