சொட்டும் குழாய்: வாஷரா, புதுக் குழாயா?

ராத்திரிச் சொட்டுச் சத்தத்துக்குக் குழாயில் துணி கட்டி வைத்திருப்பவர்களுக்கு இது.

செலவு: குழாய்க்குள் தண்ணீரை அடைக்கும் சின்ன ரப்பர் வில்லையான வாஷர் சில ரூபாய்தான். புதுக் குழாய் நூற்றுக்கணக்கில், பிளம்பர் கூலி தனி.

வேலை: வாஷருக்கு மாடித் தொட்டி வால்வை மூடி, ஸ்பேனரால் குழாயின் தலையைக் கழற்றினால் போதும். கடைக்குப் பழைய வாஷரைக் கையோடு கொண்டு போங்கள், அளவு தப்பாது. புதுக் குழாய்க்கு மரையில் கசிவைத் தடுக்கும் மெல்லிய டெஃப்ளான் டேப் சுற்ற வேண்டும். துருப்பிடித்த இரும்பு பைப் என்றால் முறுக்கும்போது சுவருக்குள்ளேயே உடையலாம். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது!

நீண்ட நாள் உழைப்பது: புதுக் குழாய்தான். உப்புத் தண்ணீரில் வாஷர் சீக்கிரம் போகும்.

திருகு குழாய் சொட்டினால் முதலில் வாஷர். அது உட்காரும் இடமே அரித்திருந்தால் புதுக் குழாய். கால் சுற்றில் திறக்கும் வகைக்கு இந்த வாஷர் உதவாது. கைப்பிடியோடு சேர்ந்து சுழலும் உள் பாகமான ஸ்பிண்டிலை மட்டும் மாற்றிப் பாருங்கள்.