ஒரே வழக்கறிஞரிடம் ஒன்பது ஆண்டுகள்: ஒப்பந்த வரைவும் ஒரு தகராறும்

இயந்திர உதிரிபாகங்களைச் செய்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்பும் சிறிய தொழில் என்னுடையது. ஒப்பந்தங்களை வரையவும், அவற்றில் தகராறு எழுந்தால் தீர்த்துக்கொள்ளவும் ஒன்பது ஆண்டுகளாக ஒரே வழக்கறிஞரின் உதவியைப் பெற்று வருகிறேன். இப்படி ஒருவரை அமர்த்திக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

இவரிடம் வருவதற்கு முன் வேறொரு சட்ட அலுவலகம் இரண்டே நாட்களில் முப்பது பக்க ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தது. பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்தே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பணம் வராமல் நின்றபோதுதான் அதை முழுமையாகப் படித்தேன். எல்லாத் தகராறுகளும் நடுவர் தீர்ப்புக்கே (நீதிமன்றத்துக்கு வெளியே, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட முறையில் அமர்த்தப்படும் நடுவர் தரும் தீர்ப்பு) செல்ல வேண்டும் என்று ஒரு பிரிவும், நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் உண்டு என்று இன்னொரு பிரிவும் அதில் இருந்தன. யார் பக்கம் நியாயம் என்ற கேள்விக்கு வருவதற்கு முன், எங்கே முறையிடுவது என்ற வாதத்திலேயே நான்கு மாதங்கள் போயின.

இப்போதைய வழக்கறிஞர் முதல் சந்திப்பில் அந்தப் பழைய ஒப்பந்தத்தைக் கேட்கவே இல்லை. "சரக்கு அவர்கள் கிடங்கில் இறங்கியதும் பெட்டியை யார் திறப்பார்? எத்தனை நாளில் திறப்பார்? அளவு சரியில்லை என்றால் உங்களில் யாருக்கு எழுதுவார்?" என்று வரிசையாகக் கேட்டார். மூன்றில் இரண்டுக்கு என்னிடம் பதில் இல்லை. வாங்குபவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்ன பிறகுதான் வரைவைத் தொடங்கினார். அதில் வந்த பிரிவு இது: "சரக்கைப் பெற்ற நாளிலிருந்து 21 நாட்களுக்குள் வாங்குபவர் அதைப் பரிசோதித்து, குறை இருப்பின் அளவீட்டுப் பதிவுடன் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிடில் சரக்கு ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்."

அந்த 21 என்ற எண்ணுக்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. சர்வதேசச் சரக்கு விற்பனை ஒப்பந்தங்கள் குறித்து 1980-இல் வியன்னாவில் உருவான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, வாங்குபவரும் விற்பவரும் அதில் சேர்ந்த வெவ்வேறு நாடுகளில் தொழில் நடத்துபவர்களாக இருந்தால், வேண்டாம் என்று அவர்கள் விலக்கி வைக்காதவரை பொதுவாகத் தானாகவே பொருந்தும். குறையை 'நியாயமான காலத்துக்குள்' தெரிவிக்க வேண்டும் என்றும், அதற்கு அதிகபட்ச எல்லை இரண்டு ஆண்டுகள் என்றும் அது கூறுகிறது. எது நியாயமான காலம் என்பதே ஒரு சண்டைக்குப் போதும் என்பதால்தான், அந்தச் சொல் வரும் இடங்களில் எல்லாம் அவர் ஓர் எண்ணை எழுதிவிடுகிறார்.

மூன்றாம் ஆண்டில் பெரிய தகராறு ஒன்று வந்தது. சரக்கு போய்ச் சேர்ந்து நான்கு மாதங்களுக்குப் பிறகு, துளைகளின் விட்டம் சரியில்லை என்று சொல்லி, ஒரு நிறுவனம் கடைசித் தவணையை நிறுத்தி வைத்தது. நான் அன்றே கடுமையாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். வழக்கறிஞர் தடுத்து, ஒரு வரிகூட அனுப்ப வேண்டாம், எல்லா மின்னஞ்சல்களையும் டிராயிங்குகளையும் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டு வாருங்கள் என்றார். அடுக்கிப் பார்த்தபோது 21 நாள் கெடு எங்களுக்குச் சாதகமாக இருந்தது. ஆனால், உற்பத்தியின் நடுவில் டிராயிங்கில் செய்த ஒரு திருத்தம் வெறும் தொலைபேசிப் பேச்சில் முடிந்திருந்தது. இரு தரப்பும் கையெழுத்திட்டால் மட்டுமே திருத்தம் செல்லும் என்று எங்கள் ஒப்பந்தம் சொல்லியிருந்தும், அதற்கு முந்தைய ஆறு திருத்தங்களை நாங்களே வாய்மொழியாக ஏற்று வேலை செய்திருந்தோம்.

அவர் ஒளிவுமறைவின்றிப் பேசினார். ஒருவர் தம் நடத்தையால் மற்றவரை நம்பவைத்த பின், கையெழுத்துப் பிரிவைக் காட்டித் தப்ப முடியாமல் போகலாம் என்று அதே வியன்னா உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவு கூறுவதை எடுத்துக்காட்டி, இந்த வழக்கில் முழு வெற்றி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார். கட்டணம் பெறும் இடத்திலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததுதான் நான் அவரிடமே நிலைத்திருப்பதற்கு முதல் காரணம்.

முதலில் 30 நாள் நேரடிப் பேச்சு, பிறகு சமரசம் (தீர்ப்புச் சொல்லாமல், இரு தரப்பையும் உடன்பாட்டுக்குக் கொண்டுவர மூன்றாம் நபர் ஒருவர் உதவும் பேச்சு), அதன் பின்னரே நடுவர் தீர்ப்பு என்று ஒப்பந்தத்தில் படிப்படியாக எழுதியிருந்தார். சமரசத்தின் இரண்டாம் அமர்விலேயே விஷயம் முடிந்தது. ஒரு தொகுதியை நாங்கள் மீண்டும் செய்து கொடுத்தோம். மீதித் தொகையை அவர்கள் செலுத்தினார்கள். அந்தச் சமரச உடன்பாட்டையும் அவர் கவனமாகவே எழுதினார். நடுவர் தீர்ப்பை வெளிநாட்டில் நிறைவேற்ற 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை இருக்கிறது. அதில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. சமரச உடன்பாட்டுக்கான சிங்கப்பூர் உடன்படிக்கை 2020-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த நாடுகள் மிகக் குறைவு. எனவே உடன்படிக்கைகளை நம்பியிருக்காமல், சரக்கு அனுப்பும் ஒவ்வொரு கட்டத்தோடும் ஒரு தவணைப் பணத்தை இணைத்துவிட்டார்.

நடுவர் தீர்ப்புப் பிரிவை எழுதும்போது, விசாரணை நடக்கும் இடமும் சட்டப்படியான இருக்கையும் (சட்டத்தின் பார்வையில் அந்த நடவடிக்கை சேர்ந்ததாக ஒப்பந்தம் குறிக்கும் இடம்) ஒன்றல்ல என்பதை அவர் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவார். காணொலியில் விசாரித்தாலும், எந்த நாட்டு நீதிமன்றம் அந்த நடவடிக்கையைக் கண்காணிக்கும் என்பதை இருக்கையே முடிவு செய்கிறது. சிறிய தொகைக்கு மூன்று நடுவர்கள் தேவையில்லை, ஒருவர் போதும் என்பதும் அவர் சொல்லித் தெரிந்ததுதான்.

குறைகளும் உண்டு. வரைவு கைக்கு வர பத்து நாட்கள் ஆகின்றன. அவசர ஆர்டர் ஒன்றை இதனால் இழந்திருக்கிறேன். தொடக்கத்தில் அவர் எழுதிய வாக்கியங்கள் என் உற்பத்தி மேலாளருக்குப் புரியவில்லை. இப்போது கையெழுத்துக்கு முன் மேலாளரும் ஒருமுறை படித்துப் பார்க்கிறார். வரைவுக்கு நிலையான கட்டணம் என்பதால் சிக்கல் இல்லை. தகராறுக்கு மணிக்கணக்கில் கட்டணம் என்பதால், அந்தத் தகராறு நீடித்த ஆறு வாரங்களில் செலவு எவ்வளவு ஏறியது என்பது இறுதி இன்வாய்ஸில்தான் தெரிந்தது. இந்த ஆண்டு புதுப்பித்தபோது, ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்கூட்டியே மதிப்பீடு தர வேண்டும், அதைத் தாண்டும் முன் என்னிடம் கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன். அந்தப் பிரிவையும் அவரே வரைந்து கொடுத்தார்.