கோத்தகிரிச் சாலையில் 22 மி.மீ. ஸ்வே பார்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோத்தகிரியில் குடியிருக்கும் நான் வாரத்துக்கு ஒருமுறையாவது குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி ஏறுகிறவன். ஏறக்குறைய 33 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்ட என் முன்சக்கர இயக்கச் சிறிய கார் ஒவ்வொரு வளைவிலும் வெளிப்புறமாகச் சாய்வதும், பின்னிருக்கையில் என் தாயார் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்களை மூடியிருப்பதும் வழக்கமாகிப் போயிருந்தன. இந்தச் சாய்வைக் குறைக்க வேண்டுமென்றுதான் சென்ற மார்ச் மாதத்தில், காரோடு வந்த 20 மி.மீ. முன்பக்க ஸ்வே பாருக்குப் பதிலாக 22 மி.மீ. தடிமனுள்ள ஒரு பாரை, பாலியூரித்தேன் புஷ்களும் (தண்டைத் தாங்கிப் பிடிக்கும் வளையங்கள்) புதிய லிங்க் ராடுகளும் சேர்ந்த தொகுப்பாக வாங்கினேன். நம் ஊர்ப் பட்டறைகளில் இதை ஸ்டெபிலைசர் பார் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

வாங்க நினைப்பவர்கள் அது செய்கிற வேலையை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்வே பார் என்பது காரின் குறுக்கே செல்லும், ஏறத்தாழ ‘ப’ வடிவில் வளைக்கப்பட்ட ஓர் எஃகுத் தண்டு. அதன் நடுப்பகுதி இரண்டு புஷ்களுக்குள் சுழலும்படி அடிச்சட்டத்தில் பிடிக்கப்பட்டிருக்கும்; இரு முனைகளும் லிங்க் ராடுகள் வழியாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு இணைந்திருக்கும். வேகத்தடையின்மீது இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறும்போது தண்டு புஷ்ஷுக்குள் சும்மா சுழல்கிறதே தவிர வேறெதுவும் செய்வதில்லை. ஆனால் வளைவில் வெளிச்சக்கரம் மேலே அமுங்கி உட்சக்கரம் கீழே தொங்கும்போது, தண்டின் இரு கைகளும் எதிரெதிர்த் திசைகளில் இழுபட, நடுப்பகுதி ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கை எதிர்த்துத் தண்டு காட்டும் வலிமைதான் காரின் உடலை நிமிர்த்தி வைக்கிறது. ஆகவே இது சுருள் வடிவில் இல்லாத ஒரு ஸ்பிரிங்தான். ஷாக் அப்சார்பரைப் போல அசைவை விழுங்கும் பாகம் அல்ல.

2 மி.மீ. கூடுவதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று எனக்கும் முதலில் தோன்றியது. கைகளின் நீளமும் வடிவமும் மாறாத ஒரு திடமான தண்டின் முறுக்கு விறைப்பு, அதாவது முறுக்குக்கு வளைந்துகொடுக்காத தன்மை, அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து உயர்கிறது. கணக்குப் போட்டால் 20-லிருந்து 22-க்குப் போகும்போது விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடுகிறது. விற்பவர்கள் மில்லிமீட்டரை மட்டும் சொல்வதால் பலரும் இந்த மாற்றத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

தொகுப்பின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல ஏதுமில்லை. வளைவுகள் பழைய பாரோடு பிசகின்றிப் பொருந்தின. எட்டு மாதம் ஆகியும் கறுப்புப் பூச்சு எங்கும் உரியவில்லை. புஷ்ஷுக்குத் தடவ சிலிக்கோன் கிரீஸ் ஒரு சிறிய பொட்டலத்தில் வந்திருந்தது; அது ஒருமுறைக்குத்தான் போதும். நான்காம் மாதத்தில் புஷ்கள் கிறீச்சிடத் தொடங்கி, மறுபடி பிரித்துத் தடவ வேண்டியிருந்தது. ரப்பர் புஷ்ஷில் எனக்கு இந்தத் தொல்லை இருந்ததே இல்லை.

பொருத்தும் வேலைக்குக் கோத்தகிரியிலேயே ஒரு பட்டறையில் ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. என் காரில் பார் வெளியே வர அடிச்சட்டத்தையே சற்று இறக்க வேண்டியிருந்ததால், பிறகு அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டியதாயிற்று. விலையைக் கேட்கும்போதே இந்தச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். வேலை செய்த மூத்த மெக்கானிக் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கவில்லை. “ஒத்தச் சக்கரம் தொங்குனா பாரு முறுக்கிக்கிட்டு நிக்கும் சார், போல்ட்ட உருவுனா கையில அடிக்கும்” என்று சொல்லி, இரு பக்கத்தையும் ஒரே உயரத்துக்கு ஏற்றிய பிறகே லிங்க் ராடைக் கழற்றினார். வெளியே எடுத்த பழைய புஷ்களின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது; ஒரு லிங்க் ராடின் பந்து முனை விரலால் அசைத்தாலே ஆடியது. அந்த நேரத்தில் நான் அதற்கு உரிய கவனம் கொடுக்கவில்லை.

முதல் பயணத்திலேயே மாற்றம் தெரிந்தது. மேட்டுப்பாளையம் இறக்கத்தில், அதே வேகத்தில், கார் தட்டையாகத் திரும்பியது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் உடல் சாய்ந்து முடிவதற்காகக் காத்திருக்கும் அந்த அரை நொடித் தயக்கம் மறைந்தது. தாயார் பர்லியாறு வழியாகக் குன்னூருக்குப் போனபோதுகூட எலுமிச்சம்பழத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் பலரிடமும் இதைப் பரிந்துரைத்தும் விட்டேன்.

ஜூலை மாதத்தில் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக மழையில் ஊட்டிக்கு ஏறியபோதுதான் மறுபக்கம் தெரிந்தது. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்தான சாலையில் முதல் கியரில் ஏறும்போது காரின் எடை இயல்பாகவே பின்பக்கம் சாய்கிறது. முன் உட்சக்கரம் ஏற்கெனவே இலேசாகிவிடுகிறது. தடித்த பார், வெளிச்சக்கரம் அமுங்குவதைத் தடுக்கும் அதே முறுக்கால் உட்சக்கரத்தை மேல்நோக்கி இழுத்து, அதன்மீது மிச்சமிருந்த எடையையும் குறைத்துவிடுகிறது. இன்ஜினின் இழுவையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காரில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றால் மற்றதற்கும் இழுவை குறைந்துவிடும். மூன்று வளைவுகளில் உட்சக்கரம் ஈரத் தார்மீது சீறிச் சுழன்றது. பின்னால் ஒரு ஜீப் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு வளைவில் கார் ஏறாமல் நின்றே போனது. பழைய பாரோடு பல மழைக்காலங்களில் இதே வழியில் ஏறியிருக்கிறேன், இப்படி நேர்ந்ததில்லை.

ஸ்வே பார் டயரின் பிடிப்பைக் கூட்டுகிறது என்பது தவறான நம்பிக்கை. வளைவில் உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்கு இடம் மாறும் எடையின் மொத்த அளவை, காரின் எடை மையத்தின் உயரமும் சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் திரும்பும் வேகமுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன; அந்த மாற்றத்தில் முன் அச்சின் பங்கு எவ்வளவு, பின் அச்சின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும்தான் பார் தீர்மானிக்கிறது. முன்னால் தடித்த பாரைப் போட்டால் முன் அச்சு அதிகப் பங்கை ஏற்று, தன் பிடிப்பில் சிறிது இழந்து, காரின் முகம் வளைவுக்கு வெளியே ஓடப் பார்க்கும். பின்னால் போட்டால் வால்பக்கம் விலகும் போக்கு கூடும். மூடுபனியில் இறங்கும் சாலையில் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு தொந்தரவு எஸ்டேட் சாலைகளில். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது அந்த அசைவைப் பார் எதிர்ச்சக்கரத்துக்கும் கடத்துவதால், கார் தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டே போகிறது. தேயிலைத் தோட்டத்துக்குள் வீடு உள்ளவர்களுக்கு இது தினமும் சலிப்பூட்டும்.

அக்டோபரில் பாரைக் கழற்றிவிட்டுப் பழைய 20 மி.மீ. பாரையே திரும்பப் போட்டேன். ஆனால் இம்முறை புதிய ரப்பர் புஷ்கள், புதிய லிங்க் ராடுகள். அதே டயர்கள், அதே காற்றழுத்தம், அதே குஞ்சப்பனைச் சாலை. ஆனாலும் கார் முன்புபோலச் சாயவில்லை. மார்ச்சில் நான் தடித்த பாருக்குச் சூட்டிய புகழில் பாதிக்கு மேல் புஷ்ஷுக்கும் லிங்க் ராடுக்கும் உரியது என்பது அப்போது புரிந்தது. தேய்ந்த புஷ்ஷும் ஆடும் லிங்க்கும் இருந்தால், அந்த இடைவெளி தீரும்வரை தண்டு முறுக்கவே தொடங்காது. அதுவரை கார் பாரே இல்லாததுபோலச் சாய்ந்துகொண்டிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியது என் தவறு.

நல்ல தார்ச்சாலையில் மட்டும் ஓட்டி, விரைவாகத் திரும்பும் காரை விரும்புகிற கோயம்புத்தூர் நண்பர்களுக்கு இந்த 22 மி.மீ. பார் கொடுத்த பணத்துக்கு ஏற்ற பொருள். ஐந்துக்கு நான்கு தருவேன். முன்சக்கர இயக்கக் காரோடு மலையிலேயே வாழ்கிறவர்களுக்கு ஐந்துக்கு இரண்டுதான். குறைந்த வேகத்தில் பள்ளம்மேடுகளில் முன்பக்கம் ‘டக் டக்’ என்று தட்டினால், தடித்த பாரைத் தேடும் முன் புஷ்ஷையும் லிங்க் ராடையும் மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். என்னுடைய 22 மி.மீ. பார் இப்போது சாக்கில் சுற்றி விறகுக் கொட்டகையில் இருக்கிறது.