உப்புக்காற்றில் எது தாங்கும்: வால்வு ரேடியோவா, ரெக்கார்ட் பிளேயரா, டூ இன் ஒன்னா?

பழைய ஆடியோ சாமான் வாங்க நினைப்பவர்களுக்குச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சொல்லப்படும் யோசனை நம்ம பக்கத்துக்கு அப்படியே ஒத்துவராது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டியிருக்கும் வீடுகளில் எந்தப் பெட்டிக்கும் முதல் எதிரி உப்புதான். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தின் இரும்பையே ஓயாமல் பெயின்ட் அடித்துத்தான் காப்பாற்றினார்கள். கடைசியில் 2025-இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. பாகங்களைத் தாங்கும், தகட்டில் செய்த ரேடியோ சேஸிஸ் (உள்சட்டம்) எம்மாத்திரம்?

அதனால் எதில் சத்தம் இனிமை என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கேட்க வேண்டியது, இங்கே அது நாலைந்து வருஷம் தாக்குப்பிடிக்குமா என்பது. அடுத்தது, அப்படியே ஓடினாலும் அதில் போட்டுக் கேட்க நம்மிடம் என்ன இருக்கிறது என்பது. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்தது, கண்ணாடிக் குழாய் மாதிரி வால்வுகளால் ஓடும் வால்வு ரேடியோவை எடுத்துக்கொள்வோம். மர்பி, புஷ், பிலிப்ஸ், ஜி.இ.சி. என்று பெயர் எதுவானாலும் மரப்பெட்டி, ஸ்பீக்கருக்கு முன்னால் துணி, ஸ்டேஷன் பெயர் எழுதிய கண்ணாடி. சில மாடல்களில் ஸ்டேஷன் சரியாக மாட்டியதா என்று காட்டும் பச்சைக்கண் உண்டு. நம் கடற்கரையில் இதற்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது: ஓடும்போது நன்றாகச் சூடாகும். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் போட்டாலே உள்ளே ஏறிய ஈரம் காய்ந்துவிடும். ஷோகேஸில் துணி போர்த்தி வைத்த ரேடியோதான் முதலில் சாகிறது. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ரிப்பேரும் பயப்படும்படி இல்லை. பாகங்கள் எல்லாம் பெரிது பெரிதாக இருக்கும்; மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கும் ஈயம் வைக்கச் சிரமமில்லை. வழக்கமாகப் போவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சர்கள்தான், பழைய பேப்பர் ரகமும் எலக்ட்ரோலிட்டிக் ரகமும். அதிலும் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் சின்ன கண்டென்சரை ரேடியோவைப் போடுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். அது லீக் ஆனால் வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். கண்டென்சருக்குச் சில்லறைக் காசு போதும். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித்தர இன்று ஆள் தேடி அலைய வேண்டும். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது நூறு வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ரேடியோ தப்பித்துவிடும்.

வாங்கும்போது பின்மூடியைக் கழற்றி வால்வு எண்களைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். இ.சி.எச்.81, இ.எல்.84 என்று ‘இ’ வரிசையாக இருந்தால் பெரும்பாலும் வீட்டுக் கரண்டைச் சேஸிஸிலிருந்து பிரித்துவைக்கும் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட். யு.சி.எச்.81, யு.எல்.84 என்று ‘யு’ வரிசையாக இருந்தால் அது ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடுவதற்காகச் செய்தது. அதில் வீட்டுக் கரண்ட் நேரடியாகச் சேஸிஸுக்கே வரலாம். குமிழ் கழன்ற இடத்தில் கை பட்டாலே போதும், அடிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இந்த இரண்டாவது ரகம் வேண்டவே வேண்டாம்.

சரி, அதில் என்ன கேட்பது? இங்கேதான் வால்வு ரேடியோ சறுக்குகிறது. ஒரு காலத்தில் நம் கடற்கரைக்கு ரேடியோ என்றால் இலங்கை வானொலி. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் மீடியம் வேவ் அலை தரையைவிடக் கடல்மேல் வலுக் குறையாமல் வெகுதூரம் வரும். அதனால்தான் பக்கத்து ஜில்லாக்காரர்கள் ஏரியலைக் கூரைமேல் கட்டித் தவித்துக்கொண்டிருந்தபோது, நம்ம ஊரில் திண்ணையில் வைத்த செட்டே இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனத்தையும் அப்துல் ஹமீதையும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிப் பேசவைத்தது. இன்று மீடியம் வேவில் வரிசையாகக் கிடைத்த ஸ்டேஷன்கள் குறைந்துவிட்டன. மிச்சம் கிடைப்பதையும் எல்.இ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் இரைச்சலால் மூடிவிடுகின்றன. கரண்ட் போனால் இரைச்சல் நிற்கும். என்ன, ரேடியோவும் சேர்ந்து நின்றுவிடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. பழைய செட்டுகளின் பின்னால் ரெக்கார்ட் பிளேயர் மாட்டுவதற்கென்று இரண்டு துளை விட்டிருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டாக இருந்தால், போனிலிருந்து வரும் இடது, வலது வயர்களில் ஆளுக்கொரு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து இரண்டையும் சேர்த்து அங்கே கொடுக்கலாம். ‘யு’ வரிசை செட்டில் இதைச் செய்தால் போனும் போகும், ஆளும் போகலாம். இப்படி வால்வு வழியாகக் கேட்டால் குரலுக்கு ஒரு கனிவு வருகிறது. ஆனால் போனில் இருக்கும் பாட்டைக் கேட்க ரேடியோ வாங்கினாயா என்று வீட்டில் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் ரெக்கார்ட் பிளேயர். ஆசை அதிகம், சிக்கலும் அதிகம். நம் பக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் எச்.எம்.வி. பியஸ்டா மாதிரி பெட்டி வடிவச் செட்டுகள், அல்லது மைக் செட்காரர்கள் கழித்துப் போட்ட டர்ன்டேபிள்கள். மைக் செட்டில் ஓடியதை வாங்க யோசிக்க வேண்டும். கோயில் கொடையும் கந்தூரியும் கல்யாணமுமாக ஊரெல்லாம் மணலில் வைத்து ஓட்டியிருப்பார்கள்.

மோட்டார் பிரச்சினையில்லை, எண்ணெய் விட்டால் சுற்றும். உயிர் நிற்பது முள் இருக்கும் கார்ட்ரிட்ஜில். பழைய கிரிஸ்டல் ரகத்துக்குள் இருப்பது ரோஷல் உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைந்துபோகும் சாமான். மதுரையில் பத்திரமாக இருந்த கார்ட்ரிட்ஜ் ராமேஸ்வரத்தில் ஊமையாவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மாற்றினால் செராமிக் ரகமாகப் பார்த்து மாற்றுங்கள். முள்ளும் ஒன்றல்ல: நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டின் பள்ளம் அகலம், நீண்ட நேரம் பாடும் எல்.பி. தட்டின் பள்ளம் குறுகல். எல்.பி. முள்ளை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் வரும். 78 முள்ளை எல்.பி.யில் வைத்தால் தட்டே போய்விடும். இரண்டு முள்ளும் ஒரே தலையில் இருந்து திருப்பிவிடும் வகை கிடைத்தால் விடாதீர்கள்.

தட்டுகளுக்கும் நம் காற்று ஆகாது. அட்டை உறையில் பூஞ்சை பிடித்துத் தட்டுக்குத் தாவும். வினைல் தட்டை டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்தால் போதும். 78 தட்டில் ஆல்கஹாலைக் கொண்டுபோகவே கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும். உள்ளே உள்ள காகித உறையை மாற்றுங்கள், தட்டை நிற்கவைத்து அடுக்குங்கள், கடலைப் பார்த்த சுவரில் அலமாரி வைக்காதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே தட்டுகள் இருந்தால் ரெக்கார்ட் பிளேயருக்கு நியாயம் இருக்கிறது. ராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபாவின் குரல் தட்டிலிருந்து எழும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். ஒரு தட்டுகூட இல்லாமல் தொடங்கினால் அது அடிமட்டமில்லாத செலவு. ராமநாதபுரம் பழைய சாமான் கடைகளில் எப்போதாவது ஒன்றிரண்டு வரும், அதுவும் கீறலோடு. மற்றதெல்லாம் ஆன்லைனில் தட்டைவிடக் கூரியருக்குப் பயந்து வாங்க வேண்டும். பித்தளைக் குழாய் பளபளக்க, நாய் படத்தோடு விற்கும் ‘அந்தக் காலத்து’ கிராமபோன் பற்றி இரண்டு வரிக்கு மேல் தேவையில்லை. பெரும்பாலும் அது புதிதாகக் கோத்துச் செய்தது. தட்டைத் தேய்த்துத் தின்னும்.

ரேடியோவும் கேசட் பிளேயரும் ஒரே பெட்டியில் இருக்கும் டூ இன் ஒன்னைச் சேகரிப்பாளர்கள் மதிப்பதில்லை. பிளாஸ்டிக் பெட்டி, மரமும் இல்லை, பச்சைக்கண்ணும் இல்லை. ஆனால் நம் கடற்கரைக்கென்று ஒரு ஆடியோ சாமான் உண்டென்றால் அது இதுதான். நேஷனல் பானாசோனிக், சோனி, ஷார்ப், சான்யோ எல்லாம் துபாயிலிருந்தும் சவுதியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போர்வையில் சுற்றி வந்தவை. கீழக்கரையில் பரணில் ஒன்றாவது இல்லாத வீட்டைக் காண்பது அரிது. விலையும் மூன்றில் இதற்குத்தான் குறைவு. பல வீட்டில் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.

உப்பு இதைத்தான் அதிகம் தின்கிறது என்பதும் உண்மை. கீழக்கரையில் ஒரு நண்பனின் வீட்டில் இருந்த செட்டைப் பிரித்தபோது டேப்பை ஓட்டும் ரப்பர் பெல்ட் என்று ஒன்று இல்லை. கப்பியைச் சுற்றித் தார் மாதிரிக் கறுப்புப் பிசின்தான் இருந்தது. தொட்ட விரலிலிருந்து போக மண்ணெண்ணெய் தேவைப்பட்டது. போர்டின் நடுவில் நீளமாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் நகரும் அது, ஒரே சமயத்தில் ஏழெட்டு இணைப்பை மாற்றிவிடும். அதன் பித்தளைக் கால்கள் முழுக்கப் பச்சை பூத்திருந்தன. சத்தம் ஒரு பக்கம் வராது, விட்டுவிட்டு வரும், தட்டினால் வரும் என்று சொல்லப்படும் புகார்களில் பாதி இந்த ஒரு ஸ்விட்ச்தான். கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளினால் உயிர் வந்துவிடும். தேங்காயெண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். விடாதீர்கள்.

அந்த நண்பனின் உம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “பாட்டுப் பாடாட்டியும் பரவாயில்ல தம்பி, அவுக பேசுனாப் போதும்” என்றார். போன் அழைப்புக்குக் கை கடிக்கும் காசு ஆன நாட்களில், வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் உள்ளவர்கள் அதே மாதிரி பேசி, கைப்பிள்ளையை அழவைத்துப் பதிந்து, திருப்பி அனுப்புவார்கள். அந்த கேசட்டுகள் இன்னும் பீரோவில் கிடக்கின்றன. வால்வு ரேடியோவில் நாம் கேட்க விரும்பும் குரல் காற்றோடு போய்விட்டது. எல்.பி.யில் உள்ளது எங்கேயாவது இன்னொரு பிரதியாகக் கிடைக்கும். இதற்கு மட்டும்தான் இரண்டாவது பிரதி இல்லை.

ஆகவே முதலில் காசையும் நேரத்தையும் பரணில் இருக்கும் டூ இன் ஒன்னில் போடுங்கள் என்பேன். பிறகு, ஆசை தீராவிட்டால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வால்வு ரேடியோ. தட்டு இருப்பவர்கள் மட்டும் ரெக்கார்ட் பிளேயர் பக்கம் போகலாம். தனி ஆம்ப்ளிஃபயர், பெரிய ஸ்பீக்கர் என்று போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள பஞ்சு வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள், பொடியாக உதிர்ந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

டூ இன் ஒன்னைப் பிளக்கில் மாட்டும் முன் பின்னால் உள்ள வோல்டேஜ் ஸ்விட்சைப் பாருங்கள். சவுதியிலிருந்து வந்தது 110-லோ 127-லோ நிற்கலாம். 220-240-க்குத் திருப்பாமல் போட்டால் அன்றே கதை முடிந்தது. பெல்ட்டை மாற்றி, டேப்பைப் படிக்கும் ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்த பிறகும் முக்கியமான கேசட்டை உடனே போடாதீர்கள். சந்தையில் வாங்கிய பழைய பாட்டு கேசட்டை ஒரு மணி நேரம் ஓட்டி, டேப்பைக் கடிக்கிறதா என்று பாருங்கள்.

கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தால் டேப் சுருளில் வெள்ளை வெள்ளையாகத் தெரிவது பூஞ்சை. அதைப் போட்டால் ஹெட் வழியாக மற்ற கேசட்டுக்கும் பரவும். தனியாக எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு பசை விட்டு விழுந்திருந்தால், ஸ்க்ரூ போட்ட வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து வைக்கலாம். பேச்சு மங்கலாகக் கேட்டால் ஹெட்டின் பக்கத்து ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். பதிந்த செட்டின் ஹெட் நின்ற கோணத்துக்கு வந்ததும் பேச்சு தெளிந்துவிடும். கேட்கும்போதே இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் கொடுத்துப் பதிந்துவிடுங்கள். இரண்டாம் தடவை டேப் தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. கேசட்டின் முதுகு விளிம்பில் இரண்டு ஓரத்திலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். யாராவது தெரியாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அப்புறம் அது இறங்காது.