26 சீட் வேன்: ஏழு ஆண்டு ஓட்டிய கணக்கு

வேன் வாங்கி கம்பெனிக்கு ஆள் ஏற்றலாமா என்று கேட்டுக்கொண்டு மாதம் இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள். எத்தனை சீட் எடுக்கலாம், ஏ.சி. வேண்டுமா, மாதம் கையில் என்ன நிற்கும் என்று வரிசையாகக் கேட்பார்கள். காலையில் ஆட்களை இறக்கிவிட்ட பிறகு வண்டி எங்கே போகும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. 2018 செப்டம்பரில் புது வேனுக்கு மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது நானும் அதை யோசித்திருக்கவில்லை.

எங்கள் வழி கிழக்குத் தாம்பரத்தில் தொடங்கும். கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் கூட்ரோடு, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், அங்கிருந்து ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையைப் பிடித்து, கணினிக் கம்பெனிகள் இருக்கும் சிறுசேரி சிப்காட். ஒரு பக்கம் சுமார் 30 கிலோமீட்டர். 26 சீட்டும் நிறைந்துதான் போகும். பார்க்கிறவர்களுக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். எட்டரைக்கு எல்லோரும் இறங்கியதும் மாலை ஆறு மணி வரை வண்டிக்கு வேலை கிடையாது. டிரைவர் வீட்டுக்குத் திரும்பினால் 30 கிலோமீட்டர் காலி. மாலையில் அழைத்துவரப் போகும்போது இன்னொரு 30 காலி. லிட்டருக்கு ஒன்பது கொடுக்கிற வண்டி, டீசல் 94 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 22 வேலைநாளுக்கு ஏறக்குறைய 13,800 ரூபாய். காற்றை ஏற்றி இறக்கிய செலவு அது. டயர் தேய்மானத்தை இதில் சேர்க்கவில்லை.

இந்த ஓட்டையை அடைக்கக் குறுக்குவழி ஒன்று தேடினேன். திரும்பும் வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றி ஆளுக்கு முப்பது ரூபாய் வாங்கச் சொன்னேன். நான்காம் நாளே பெரும்பாக்கம் அருகே வாகன ஆய்வாளர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். என்னிடம் இருந்தது ஒப்பந்த ஊர்திக்கான பர்மிட். ஒருவரோ ஒரு கம்பெனியோ வண்டியை மொத்தமாக வாடகைக்கு எடுக்கலாம். வழியில் நிறுத்தி நிறுத்தி ஆள் ஏற்றித் தனித்தனியாகக் கட்டணம் வாங்கினால் அது வழித்தடப் பஸ், அதற்குப் பர்மிட் வேறு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவே இருக்கிறது. வண்டியில் இருந்த பதினோரு பேரில் பத்துப் பேர் இறங்கினார்கள். கூடையில் கீரைக்கட்டோடு இருந்த ஓர் அம்மா மட்டும் இறங்கவில்லை. "என் முப்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு எழுதுங்கள்" என்று ஆய்வாளரிடமே சொன்னார். டிரைவர் கொடுத்தார். மூன்று நாள் வண்டி வெளியே வரவில்லை. அந்த மூன்று நாளும் சிறுசேரிக்கு வாடகை வண்டி பிடித்து அனுப்பினேன். அபராதத்தைவிட அதுதான் வலித்தது.

2025-இல் அரசு புதிய மினி பஸ் திட்டம் கொண்டுவந்த பிறகு, மினி பஸ் பர்மிட் எடுத்துவிடலாமே என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். புதிய திட்டம் நல்லதுதான். ஆனால் 1997-இல் வந்த பழைய திட்டத்தைப் போலவே அதுவும் பெரும்பகுதி பஸ் ஓடாத வழியாக இருந்தால்தான் தரும். வழித்தடம் 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு மாநகரப் பஸ் போகிற சாலையில் அதை நினைத்துக்கொண்டு கடன் வாங்காதீர்கள்.

எனக்கு வழி காட்டியவர் டிரைவர் அண்ணன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், முன்பு தண்ணீர் லாரி ஓட்டியவர். "தம்பி, காலியாகத் தாம்பரம் திரும்புவானேன்? கேளம்பாக்கத்திலிருந்து மறைமலைநகருக்கு மதிய ஷிஃப்ட்டுக்கு ஆட்கள் போகிறார்களே" என்றார். டீக்கடையில் கேட்டு வைத்த சேதி. ஒரு மாதம் அலைந்து உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் ஒப்பந்தம் வாங்கினேன். இப்போது 12.40-க்குக் கேளம்பாக்கத்தில் ஏற்றி வண்டலூர் சாலை வழியாக மறைமலைநகரில் இறக்குகிறோம். முதல் ஷிஃப்ட் முடிந்தவர்களை அதே வண்டி திரும்பக் கொண்டுவருகிறது. மூன்றரைக்குக் கேளம்பாக்கம். ஆறு மணிக்குச் சிறுசேரி. ஒரு நாளில் காலியாக ஓடுவது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மாதத் தவணை கட்டியது சிறுசேரிப் பணம். வீட்டுக்கு வந்தது மறைமலைநகர்ப் பணம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இதன் அருமை இன்னும் தெரிந்தது. கணினி வேலைக்காரர்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு வருடம் சிறுசேரி டிரிப்பே இல்லை. தொழிற்சாலையும் மூடியிருந்த வரை வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. பேட்டரி இறங்கியது, எலி வயரிங்கைக் கடித்தது. கடன் தவணையை ஆறு மாதம் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வட்டி மட்டும் ஓய்வெடுக்கவில்லை. தொழிற்சாலை திறந்ததும் பாதி சீட்டில்தான் ஆள் ஏற்றலாம் என்றார்கள். அதனால் இரண்டு நடை. அந்த இரண்டாம் நடைக்குக் காசு தர முதலில் மறுத்து, பிறகு பாதி கொடுத்தார்கள். 2021 அக்டோபரில் டீசல் நூறைத் தாண்டியபோதும் இதே இழுபறி. டீசல் ஏறினால் வாடகையும் ஏறும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை.

பில் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடைத்தரகர் மூலம் போனால் பணம் வர 45 நாள், சில சமயம் 70. என்னைப் போன்ற தனிநபருக்கு ஒரு சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்தால் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். இரண்டு மாத டீசலும் சம்பளமும் கையில் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.

மழையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2021 நவம்பரில் டிரைவர் அண்ணன் ஊருக்குப் போயிருந்தார். ஆக்டிங் டிரைவர் வந்திருந்தார். பெரும்பாக்கத்தில் தண்ணீர் பம்பருக்கு மேலே போய் இன்ஜின் அணைந்தது. அவர் பதற்றத்தில் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். காற்று இழுக்கிற குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிற்று. தண்ணீரை அமுக்க முடியாதே. இன்ஜினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. பட்டறையில் அதைக் கழற்றிக் காட்டினார்கள். கட்டை விரலால் தடவினாலே வளைவு தெரிந்தது. சாதாரண இன்ஷூரன்ஸில் இது வராது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் போனது. அந்த ஆண்டின் லாபம் முழுவதும் அதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முந்தைய நாள் மாலையே அண்ணன் வண்டியை மேடவாக்கம் மேம்பாலத்தில் ஏற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, மழையில் நனைந்தபடி நடந்தே வீட்டுக்குப் போனார். நான் சொல்லவில்லை. அவராகச் செய்தது.

நாவலூர் சுங்கச்சாவடி 2023 அக்டோபரில் வசூலை நிறுத்தியது சின்ன ஆறுதல். மெட்ரோ வேலை அதைப் பிடுங்கிக்கொண்டது. சோழிங்கநல்லூரிலிருந்து சிறுசேரி வரை தூண் எழுப்பச் சாலையைக் குறுக்கிவிட்டதால் 7.10-க்குக் கிளம்பியவர்கள் 6.40-க்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. முதல் கியரிலும் இரண்டிலுமே ஊர்ந்ததில் கிளட்ச் பிளேட் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. மெட்ரோ ஓடத் தொடங்கினால் என் பயணிகளில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று கேட்கிறார்கள். மாதவரத்திலிருந்து சிப்காட்டுக்கு வருகிற ரயில் தாம்பரத்துக்காரரை நேராக ஏற்றிக்கொண்டு போகாது. அந்த மட்டில் கவலை இல்லை.

கடன் 2024 தொடக்கத்தில் முடிந்தது. ஆர்.சி. புத்தகத்திலிருந்து வங்கியின் பெயரை நீக்கினேன். உடனே மைத்துனர் இரண்டாவது வண்டி எடுக்கலாம் என்றார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேட்கிறதாம், காலை ஒன்று, மாலை ஒன்று. பகலில் அந்த வண்டிக்கு என்ன வேலை என்று கேட்டேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வண்டிக்கு எட்டு வயது முடிந்தால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்குவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது மாறி வருடா வருடம் ஆகிவிடும். அதற்கு முன் தரை ரப்பரை மாற்றி, இடது பக்கக் கதவுக்கு அடியில் பிடித்திருக்கும் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். தன் சீட்டுக்கு மேலே ஒரு சின்ன மின்விசிறி வேண்டும் என்று அண்ணன் ஆறு மாதமாகக் கேட்கிறார். மதியம் மறைமலைநகரில் ஆட்களுக்காகக் காத்திருக்கும் முக்கால் மணி நேரம் வெயில் நேராக அவர் முகத்தில்தான் அடிக்கிறது.