வேலூர் சர்வே நிறுவனம் ஒன்று: தொலைபேசியில் ஒரு கணக்கு, வாசலில் ஒரு கணக்கு

2021 ஜூலையில், கொரோனா இரண்டாம் அலை தணிந்துவந்த நேரத்தில், குடியாத்தம், பேரணாம்பட்டு பகுதிகளில் யார் யார் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள், மற்றவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று அறிய, எங்கள் சிறிய அறக்கட்டளை வேலூரில் உள்ள ஒரு சர்வே நிறுவனத்தை அமர்த்தியது. குறை சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் வாங்கியது தொலைபேசி சர்வே. செலவு குறைவு, வேகம் அதிகம். ஒரே வாரத்தில் எக்செல் கோப்பு பிசிறில்லாமல் வந்து சேர்ந்தது. சந்தேகம் வந்தது குரல் பதிவுகளைக் கேட்டபோதுதான். ஒரு பதிவில் கணவர், "வீட்ல அவங்களும் போட்டாச்சு, எழுதிக்குங்க" என்கிறார், பின்னால் ஒரு பெண் குரல், "நான் எங்க போட்டேன்?" என்கிறது. கோப்பில் அந்தப் பெண்ணுக்கு நேராக "ஆம்" என்றே இருந்தது. அழைத்த தொலைபேசி எண்களும் மகளிர் குழுப் பட்டியல்களிலிருந்து எடுத்தவை. குழுவில் சேராத குடும்பங்கள் தொடக்கத்திலேயே விடுபட்டிருந்தன.

எத்தனை பேரை அழைத்தார்கள் என்பதையே இந்நிறுவனம் பெருமையாகச் சொன்னது. ஆனால் அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில், வாரத்துக்குச் சுமார் 2,50,000 பேர் பதிலளித்த பேஸ்புக் வழி சர்வே, ஒரு டோஸாவது போட்டுக்கொண்ட பெரியவர்களின் அளவை உண்மையைவிட 17 சதவீதப் புள்ளிகள் கூட்டிக் காட்டியது. சுமார் 1,000 பேரைக் கவனமாகத் தேர்ந்தெடுத்துக் கேட்ட இன்னொரு சர்வே உண்மைக்கு நெருங்கி நின்றது.

எனவே வீடு வீடாகச் செல்லும் சேவையையும் வாங்கினோம். தொற்றுக் காலத்தில் இது நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 மே, ஜூனில் நாடு முழுவதும் 70 மாவட்டங்களில், மாவட்டத்துக்கு 10 இடம், இடத்துக்கு 40 பேர் என்று ரத்த மாதிரியே எடுத்தது. வேலூரோடு ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்து பிரிந்த திருவண்ணாமலையும் அவற்றில் ஒன்று.

எங்களுக்கு 30 இடங்கள், இடத்துக்கு 7 வீடுகள் என்று ஒப்பந்தம். முதல் நாள் நானும் கூடப் போனேன். தண்ணி டேங்க் அடியில் நின்று களப்பணியாளர் பேனாவைச் சுழற்றினார். அது காட்டிய திசையில் நடந்தார். முதல் வீடு பூட்டியிருந்ததும், யோசிக்காமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். பேனா சுழற்றுவது தடுப்பூசி சர்வேக்களில் நெடுநாள் பழக்கம்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2018 கையேடு, வீடுகளை முதலில் பட்டியலிட்டுக் குலுக்கல் முறையில் எடுக்கவும், பூட்டிய வீட்டுக்குப் பதில் வேறு வீடு பிடிக்காமல் திரும்பத் திரும்பப் போகவும் சொல்கிறது. எங்கள் பக்கம் காலையில் பூட்டிக் கிடப்பவை பெரும்பாலும் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போகும் பெண்களின் வீடுகள். அவற்றை விட்டுவிட்டால், பகலில் வீட்டில் இருப்பவர்களைப் பற்றிய சர்வேயாகத்தான் அது முடியும்.

பாராட்ட வேண்டியவையும் உண்டு. பேரணாம்பட்டுக்கு உருது பேசும் இரண்டு பெண்களை நாங்கள் கேட்காமலே அனுப்பினார்கள். "வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா?" என்ற கேள்வியை எடுத்த எடுப்பில் கேட்டால், 2020-இல் வாசலில் தகரம் அடித்ததை மறக்காத ஜனங்கள் "இல்லை" என்று கதவைச் சாத்துவார்கள் என்பதை எங்களுக்கு எடுத்துச் சொல்லி, அதைக் கடைசிக்கு மாற்றியவர் அவர்களுடைய சூப்பர்வைசர். இதை வேலூருக்கு வெளியிலிருந்து வரும் நிறுவனம் யோசித்திருக்குமா என்பது சந்தேகம்.

வீடுகளைப் பட்டியலிட வைக்கவும், பூட்டிய வீடுகளுக்கு மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மும்முறை போக வைக்கவும் நாங்கள் சண்டை போட வேண்டியிருந்தது. அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். அப்படிக் கிடைத்த கணக்கில், தடுப்பூசி போட்டவர்களின் அளவு தொலைபேசிக் கணக்கைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. இவர்களை அமர்த்துபவர்கள் தொலைபேசி சேவையை விட்டுவிடலாம். வீட்டு சர்வேயை எடுக்கலாம், ஆனால் மும்முறை திரும்பிச் செல்வதை முன்பணம் தருவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.